கட்சுரென் கோட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒகினவாவின் கற்கோட்டைகளைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஷூரியில் தொடங்கி ஷூரியிலேயே நின்றுவிடுகின்றனர். ரியூக்கியூ என்னும் பழைய தீவு அரசின் அரசர் இருந்த இடம் அது என்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் அந்த அரசருக்கே அச்சமூட்டிய ஒரு சிற்றரசனின் கோட்டை கிழக்குக் கடற்கரையில் இருக்கிறது. அதன் பெயர் கட்சுரென். அந்தக் கோட்டையைப் பற்றி வாசகர்களுக்கு எழக்கூடிய கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தரப்படுகின்றன.

கட்சுரென் கோட்டை எங்கே இருக்கிறது?

ஜப்பானின் தெற்கே உள்ள ஒகினவாத் தீவின் நடுப்பகுதியில், கிழக்கு நோக்கிக் கடலுக்குள் நீளும் கட்சுரென் தீபகற்பத்தின் அடிப்பகுதியில், தனித்து எழும் ஒரு சுண்ணாம்புக்கல் குன்றின் மேல் இக்கோட்டை அமைந்துள்ளது. இன்று இவ்விடம் உருமா நகராட்சிக்கு உட்பட்டது. 2005இல் குஷிகாவா, இஷிகாவா ஆகிய நகரங்களும் கட்சுரென், யோனஷிரோ ஆகிய சிற்றூர்களும் ஒன்றிணைந்து உருவானதே அந்நகராட்சி. குன்றின் உச்சி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 98 மீட்டர் உயரத்தில் உள்ளது. எண்ணாகப் பார்த்தால் இது பெரிய உயரமன்று. ஆயினும் உச்சியில் நின்றால் தெற்கே நகாகுசுக்கு விரிகுடாவும் வடக்கே கின் விரிகுடாவும் ஒரே பார்வையில் அடங்கும். தீவின் நடுக் கிழக்குக் கரையில் நுழையும் கப்பல் எதுவும் இந்தக் கண்ணுக்குத் தப்ப முடியாது.

‘குசுக்கு’ என்பது வெறும் கோட்டையைக் குறிக்கும் சொல்லா?

கட்சுரென் போன்ற இடங்களைக் குறிக்கும் இந்த ஒகினவாச் சொல்லைக் கோட்டை என்று மொழிபெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் அது பாதி உண்மைதான். ஒகினவாவை உள்ளடக்கிய ரியூக்கியூத் தீவுகளில் ஏறத்தாழ 300 இடங்கள் குசுக்கு என அழைக்கப்படுகின்றன. அவற்றில் ஷூரி, நகாகுசுக்கு போன்ற பெரும் மதில் அரண்களும் உண்டு; மதிலே இல்லாத சிறு மேடுகளும், தெய்வம் உறையும் தோப்புகளும் உண்டு. ‘அஜி’ எனப்பட்ட சிற்றரசர்கள் ஊர்களைத் தம் கீழ்க் கொண்டுவந்து ஒருவரோடொருவர் மோதிக்கொண்ட காலத்தில்தான், அதாவது பொதுவாக 12ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரையில், உயர்ந்த மதில்கள் எழுந்தன. அவ்வாறு அரணாக மாறிய பிறகும் உள்ளே இருந்த வழிபாட்டிடம் அகற்றப்படவில்லை. கட்சுரெனின் உச்சித் தளத்தில் ஒரு பெரும்பாறை தெய்வமாக வணங்கப்படுகிறது. அதற்குக் கீழுள்ள தளத்தில் அடுப்புத் தெய்வத்துக்கு இடம் உண்டு. அஜியின் ஆட்சி 1458இல் முடிந்துபோயிற்று. வழிபாடு அதற்குப் பின்னும் பல நூற்றாண்டுகள் தொடர்ந்தது. ஆகவே குசுக்கு என்பதை மதில் சூழ்ந்த இருப்பிடமும் வழிபாட்டிடமும் ஒன்றாகப் பிணைந்த இடம் என்று கொள்வதே பொருத்தமாகும்.

மதில்கள் எவ்வாறு கட்டப்பட்டன?

பவளத்திலிருந்து உருவான ரியூக்கியூச் சுண்ணாம்புக்கல்லே கட்டுமானப் பொருள். வெட்டுவதற்கு எளிதான இக்கல்லைச் செதுக்கி, சாந்து எதுவும் பூசாமல், ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தியுள்ளனர். ஒகினவாவில் கல்லடுக்கும் முறைகளை மூன்றாகப் பகுப்பார்கள்: கிடைத்த கல்லைக் கிடைத்த வடிவிலேயே அடுக்குவது ஒன்று; நாற்சதுரமாகச் செதுக்கி வரிசை வரிசையாக அடுக்குவது மற்றொன்று; பல கோணங்கள் கொண்ட கற்களை அருகிலுள்ள கல்லோடு கவ்வுமாறு செதுக்கிப் பொருத்துவது மூன்றாவது. கட்சுரெனில் கண்ணில் அதிகம் படுவது வரிசையாக அடுக்கும் முறை.

ஆனால் இக்கோட்டையின் அழகு கல்லைச் செதுக்கிய விதத்தைக் காட்டிலும் மதில் செல்லும் போக்கில்தான் இருக்கிறது. குன்றின் வளைவை வெட்டித் திருத்தாமல், அதன் இடுப்பைச் சுற்றிய துணிபோல மதில் வளைந்து வளைந்து ஏறுகிறது. ஜப்பானின் பெருந்தீவுகளில் உள்ள கோட்டைகளின் கூர்மூலைகளைக் கண்டு பழகியவர்களுக்கு இந்த வளைவு புதுமையாகத் தோன்றும். வளைந்த மதிலின் மேல் நிற்பவரால் அருகிலுள்ள மதிலின் அடியையும் பார்க்க முடியும் என்பதால், ஏறிவரும் பகைவரைப் பக்கவாட்டிலிருந்து தாக்கவும் அது உதவியது.

கோட்டைக்குள் என்னென்ன இருந்தன?

குன்றின் சரிவில் ஐந்து தளங்கள் அமைந்துள்ளன: கிழக்குத் தளம், அதையடுத்து நான்காம், மூன்றாம், இரண்டாம் தளங்கள், உச்சியில் முதல் தளம். தாழ்ந்து அகன்ற நான்காம் தளத்தில் கிணறுகள் உள்ளன. அரணுக்கு முதல் தேவை நீர் என்பதால், முற்றுகையில் தாக்குப்பிடிக்க இத்தளமே ஆதாரமாக இருந்திருக்க வேண்டும். அக்கிணறுகளுள் ஒன்றில் ஆண்டின் தொடக்கத்தில் ஊறும் நீரின் அளவைப் பார்த்து அவ்வாண்டின் விளைச்சலைக் கணிக்கும் வழக்கம் இருந்தது. இரண்டாம் தளத்தில் பெரிய மண்டபம் ஒன்று நின்றதற்கான அடிக்கற்கள் வரிசையாகக் கிடைத்துள்ளன; அவற்றின் இடத்தை இன்றும் நேரில் காணலாம். மேல்தளப் பகுதியில் கூரையோடுகள் கிடைத்தன. அக்காலத்து ஒகினவாவில் ஓடு வேய்ந்த கட்டடம் அரிது. ஷூரி, உராசோயே ஆகிய அரச இருக்கைகளோடு கட்சுரெனும் அந்தச் சிறு வரிசையில் சேர்கிறது என்பது, இங்கிருந்தவர் தம்மை எந்த நிலையில் வைத்து எண்ணினார் என்பதைச் சொல்லாமல் சொல்கிறது.

இந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது?

கடலிலிருந்து. கட்சுரென் அஜிகளின் கைக்குள் நல்ல நங்கூரத்துறைகள் இருந்தன. வடக்கே அமாமித் தீவுகள் வழியாக ஜப்பானுக்கும், மேற்கே சீனாவுக்கும் செல்லும் வணிகத்தில் அவர்களுக்குப் பங்கு இருந்தது. அகழாய்வில் கிடைத்த சீனப் பீங்கான்களில், யுவான் காலத்தைச் சேர்ந்த, வெண்மையில் நீலம் தீட்டிய உயர்தரக் கலங்களின் துண்டுகளும் உண்டு. சோறுண்ணும் கிண்ணமாக எவரும் வாங்கிவைக்கும் பொருளல்ல அது. விருந்தினர் கண்முன் வைத்துத் தம் பெருமையைக் காட்டுவதற்கான பொருள்.

மண்ணுக்கடியிலிருந்து வந்த இந்தச் சான்றோடு ஒத்துப்போகும் பாடல் சான்றும் உண்டு. ரியூக்கியூவின் பழம்பாடல்களை ஷூரி அரசவை 1531 முதல் 1623 வரையில் 22 தொகுதிகளாகத் தொகுத்தது. அதற்கு ‘ஒமொரோ சோஷி’ என்று பெயர். அதில் கட்சுரெனைப் போற்றும் பாடல் ஒன்று, இவ்வூரை எதற்கு ஒப்பிடலாம் என்று கேட்டு, யமாத்தோ நாட்டின், அதாவது ஜப்பானின், காமகுராவுக்கு ஒப்பிடலாம் என்று தானே விடையும் கூறுகிறது. காமகுரா ஜப்பானிய வீரர்குல ஆட்சியின் தலைமையிடமாக இருந்த நகரம். ஒரு தீபகற்பத்தின் தலைவனுடைய ஊரை அதற்கு இணைவைப்பது புலவர்க்கே உரிய மிகைதான்; ஆனால் மிகைப்படுத்தவும் ஓர் அடிப்படை வேண்டும் அல்லவா?

அமவாரி யார்?

கட்சுரெனின் கடைசி அஜி. மரபு அவரைப் பத்தாவது தலைவராகக் கணக்கிடுகிறது. செவிவழிக் கதைகளின்படி அவர் யாரா என்ற ஊரில் எளிய குடியில் பிறந்தவர். சிறுவயதில் உடல் நலிவால் மலையில் கைவிடப்பட்டவர். அங்கே சிலந்தி வலை பின்னுவதைப் பார்த்து மீன்வலை பின்னக் கற்றுக்கொண்டு, அதை ஊராருக்குக் கொடுத்து அவர்களுடைய அன்பைப் பெற்றவர். அப்போது கட்சுரெனை ஆண்டுகொண்டிருந்த மோச்சிசுகி என்னும் அஜி குடியிலும் கொடுமையிலும் மூழ்கிக் கிடந்ததாகவும், மக்களின் துணையோடு அமவாரி அவரை வீழ்த்திக் கோட்டையைக் கைப்பற்றியதாகவும் கதை தொடர்கிறது.

சிலந்தியிடம் பாடம் கற்ற கதையை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் கட்சுரென் மக்கள் தங்கள் தலைவரை நினைவுகூர எந்த வகைக் கதையைத் தேர்ந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. வாளைப் பற்றிய கதையை அவர்கள் சொல்லவில்லை. வலையைப் பற்றிய கதையைச் சொன்னார்கள்.

1458இல் என்ன நடந்தது?

அதற்குச் சற்று முன்னாலிருந்து தொடங்க வேண்டும். ஷோ ஹாஷி என்னும் அரசர் 1429 அளவில் தீவின் மூன்று அரசுகளையும் ஒன்றாக்கினார். ஆனால் அவருடைய வழியினரின் பிடி உறுதியாக இருக்கவில்லை. 1453இல் அரியணைக்காக அரச குடும்பத்துக்குள்ளேயே போர் மூண்டு, ஷூரிக் கோட்டை தீக்கிரையானது. அடுத்த ஆண்டில் அரியணை ஏறிய ஷோ தைக்கியூ, கிழக்கே வலுத்துவந்த அமவாரியைத் தம் பக்கம் வைத்துக்கொள்வதற்காகத் தம் மகள் மொமொத்தோ ஃபுமியகாரியை அவருக்கு மணமுடித்துக் கொடுத்தார். இளவரசியோடு ஊனி உஃபுகுசுக்கு என்னும் வீரரும் கட்சுரெனுக்குச் சென்றார். ‘ஊனி’ என்றால் அரக்கன். அவருடைய உடல்வலிமைக்குக் கிடைத்த அடைமொழி அது.

மறுபுறம், விரிகுடாவின் எதிர்க்கரையில் நகாகுசுக்குக் கோட்டையில் கோசமாரு இருந்தார். கோட்டை கட்டுவதில் பெயர்பெற்ற அவர், முன்பு சகிமியில் ஒரு கோட்டையை எழுப்பியவர். கட்சுரென் மேல் ஒரு கண் வைத்திருப்பதற்காகவே 1440 அளவில் அரசர் அவரை நகாகுசுக்குக்கு மாற்றினார் என்பர். அவருடைய மகளே ஷோ தைக்கியூவின் மனைவி என்கிறது மரபு. அதாவது அரசருக்கு ஒருவர் மாமனார், மற்றவர் மருமகன்.

இனி அரசவை வரலாறு கூறுவது: கோசமாரு படை திரட்டுவதாக அமவாரி அரசரிடம் கோள் சொன்னார். அதை நம்பிய அரசர், அமவாரியின் தலைமையிலேயே படையை அனுப்பினார். நிலவொளியில் விருந்து நடந்துகொண்டிருந்த இரவில் நகாகுசுக்கு சூழப்பட்டது. அரசரின் கொடியைக் கண்ட கோசமாரு, அதை எதிர்த்து வில்லெடுக்க மனமின்றி, மனைவி மக்களோடு உயிர் துறந்தார். கைக்குழந்தையான ஒரு மகனை மட்டும் செவிலி தூக்கிக்கொண்டு தப்பினாள். அடுத்து ஷூரியையே தாக்க அமவாரி திட்டமிட, அதை அறிந்த ஊனி உஃபுகுசுக்கு இளவரசியை இரவோடு இரவாக முதுகில் சுமந்து ஷூரிக்குக் கொண்டுசேர்த்தார். பின்னர் அவரே அரசப் படையோடு திரும்பிவந்து கட்சுரெனை வீழ்த்தினார். மதிலைத் தாண்ட முடியாத நிலையில் பெண் வேடமிட்டு உள்ளே நுழைந்தார் என்று ஒரு கதை உண்டு. வெற்றிக்குப் பரிசாக இளவரசியையே அவர் மணந்தார்.

மாமனார், மருமகன் என்ற இரு வலிய தலைவர்களும் ஒரே ஆண்டில் ஒழிந்தனர்.

அப்படியானால் அமவாரி துரோகிதானா?

இந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்று ஒரே சொல்லில் விடை சொல்லும் நூல்கள் பல உள்ளன. அவற்றை யார், எப்போது எழுதினார்கள் என்று பார்த்தால் அந்த ‘ஆம்’ தளர்ந்துவிடுகிறது. ரியூக்கியூவின் முதல் அரசவை வரலாறான ‘சூசான் செய்கான்’ தொகுக்கப்பட்டது 1650இல். கோட்டை வீழ்ந்து 192 ஆண்டுகள் கழிந்திருந்தன. அதற்குள் ஷோ தைக்கியூவின் வழிமுறையே அரியணையை இழந்து, 1470இல் வேறொரு வமிசம் ஆட்சிக்கு வந்திருந்தது. செவிலி காப்பாற்றிய அந்தக் குழந்தையின் வழித்தோன்றல்களோ ‘மோ’ என்னும் குடிப்பெயரில் அரசவையில் உயர்ந்த பதவிகளை வகித்துவந்தனர். மூதாதையாகிய கோசமாரு குற்றமற்ற பெருந்தகையாக நிலைபெற வேண்டுமானால், பழியைத் தாங்க ஒருவர் தேவைப்பட்டார். அமவாரிக்காகப் பேச அரசவையில் எவரும் இல்லை.

பிறகு அந்தக் கதை மேடையும் ஏறியது. 1719இல் சீனப் பேரரசின் தூதர்களை வரவேற்கும் விழாவுக்காக, தமாகுசுக்கு சோக்குன் என்னும் அரசவைக் கலைஞர் கூத்தும் இசையும் கலந்த ‘குமியோதோரி’ நாடக வடிவத்தை உருவாக்கினார். கோசமாருவின் இரண்டு மகன்கள் அமவாரியைக் கொன்று பழிதீர்ப்பதாக அமைந்த நாடகமும் அவ்விழாவில் நடிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக மக்கள் கண்ட அமவாரி, அந்த மேடையில் செருக்கோடு நடந்துவந்து குடித்து மயங்கிச் சாகும் அமவாரிதான்.

இதற்கு எதிரான சாட்சி, ஷூரியே தொகுத்த ஒமொரோ சோஷிக்குள்ளேயே இருக்கிறது. அதில் அமவாரியைப் புகழ்பெற்றவர் என்றும் கட்சுரெனை ‘கிமுத்தாக்கா’, அதாவது உயர்ந்த உள்ளம் கொண்ட ஊர் என்றும் வாழ்த்தும் பாடல்கள் அழியாமல் நின்றுவிட்டன. துரோகி என்று முத்திரை குத்தப்பட்ட ஒருவருக்கான மெய்க்கீர்த்தியை அவருடைய பகைவரின் ஏடே காத்துவைத்திருந்தது என்பது வியப்பான செய்தி. ஒகினவா ஆய்வின் முன்னோடியான இஹா ஃபுயூ, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பாடல்களையே ஆதாரமாகக் கொண்டு அமவாரியை மறுமதிப்பீடு செய்தார்.

1458இன் விளைவை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், அதிகப் பயன் அடைந்தது ஷூரி அரசே. எதிரெதிரே நின்ற இரு கோட்டைகளின் தலைவர்களையும் ஒருவரைக் கொண்டு மற்றவரை ஒழித்ததுபோல் நிகழ்ச்சிகள் அமைந்துவிட்டன. அது திட்டமிட்ட சூழ்ச்சி என்று அடித்துக் கூறச் சான்று போதாது; அமவாரி ஒருவரின் பேராசையே எல்லாவற்றுக்கும் காரணம் என்று கூறவும் அதே அளவு சான்று போதாது என்பதே என் கருத்து. அதே 1458இல்தான், கப்பல்களைப் பாலமாக்கி உலக நாடுகளை இணைக்கும் நாடு ரியூக்கியூ என்று பெருமையோடு பொறிக்கப்பட்ட வெண்கல மணியை ஷோ தைக்கியூ வார்ப்பித்து ஷூரியில் தொங்கவிட்டார்.

ரோமானியக் காசுகள் இங்கே கிடைத்தது உண்மையா?

உண்மை. 2013இல் நடந்த அகழாய்வில் கிடைத்த சிறு உலோக வட்டுகளை ஆராய்ந்து, அவற்றுள் நான்கு கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த ரோமானியச் செப்புக் காசுகள் என்று உருமா நகராட்சியின் கல்வி வாரியம் 2016 செப்டம்பரில் அறிவித்தது. தேய்ந்துபோன பரப்பில் வெறுங்கண்ணுக்கு எதுவும் தெரியாத நிலையில், எக்ஸ்ரே படத்தில் பேரரசர் கான்ஸ்டன்டைன் எனக் கருதப்படும் உருவமும் ஈட்டி ஏந்திய வீரரின் உருவமும் தெரிந்தன. ஜப்பானில் அகழாய்வு ஒன்றில் ரோமானியக் காசு கிடைத்தது அதுவே முதன்முறை.

இந்தச் செய்தியிலிருந்து ரோமானியர்கள் கட்சுரெனுக்கு வந்தார்கள் என்று முடிவுகட்டுவது தவறு. அக்காசுகள் அச்சிடப்பட்ட காலத்துக்கும் கோட்டை எழுந்த காலத்துக்கும் இடையில் ஏறக்குறைய 800 ஆண்டுகள் உள்ளன. எத்தனையோ துறைமுகங்களில் கைமாறி, கிழக்காசிய வணிகர் ஒருவரின் பையோடு அவை வந்து சேர்ந்திருக்கலாம். அமவாரியின் கருவூலத்தில் அவை இருந்தன என்று எழுதுபவர்களும் ஒரு செய்தியை மறந்துவிடுகிறார்கள்: அதே அகழாய்வில் 1687ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓட்டோமான் பேரரசின் காசு ஒன்றும் கிடைத்தது. அது அமவாரி இறந்து இரு நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்தபின் அச்சானது. எனவே கோட்டை வீழ்ந்த பின்னரும் இந்தக் குன்றில் மனித நடமாட்டமும் வெளியுலகத் தொடர்பும் நின்றுவிடவில்லை என்பது உறுதி. ரோமானியக் காசுகளும் அந்தப் பிற்காலத்தில் வந்திருக்க இடமுண்டு.

1458க்குப் பிறகு கோட்டை என்ன ஆயிற்று?

அஜியின் இருக்கை என்ற நிலையை இழந்தது. பின்னர் ஷோ ஷின் அரசர் (ஆட்சிக்காலம் 1477–1526) அஜிகள் அனைவரையும் ஷூரியில் குடியேறச் செய்ததால், நாடெங்கும் இருந்த கோட்டைகளுக்கும் படைத்தேவை குன்றியது. கட்சுரென் வழிபாட்டிடமாக நிலைத்தது. 1972இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில், ரியூக்கியூ அரசின் குசுக்குகளும் அவற்றோடு தொடர்புடைய இடங்களுமாக ஒன்பது சின்னங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது கட்சுரெனும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. 2010 பிப்ரவரி 27இல் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் மதிலின் ஒரு பகுதி சரிந்து, பின்னர் சீரமைக்கப்பட்டது.

ஷூரியைப் போல இங்கும் கட்டடங்களை மீண்டும் எழுப்பலாமே?

கட்சுரெனில் மதில்கள் சீர்செய்யப்பட்டுள்ளனவே தவிர, மண்டபங்கள் எழுப்பப்படவில்லை. அதுவே சரி என்று தோன்றுகிறது. 1945 போரில் அழிந்த ஷூரி அரண்மனைக்குப் பழைய படங்கள், அளவைக் குறிப்புகள் போன்ற ஆதாரங்கள் இருந்தன. அவற்றைக் கொண்டு 1992இல் மீட்டெழுப்பிய கட்டடமும் 2019 அக்டோபர் 31இல் தீக்கிரையானது. உலகப் பாரம்பரியச் சின்னமாக ஷூரியில் ஏற்கப்பட்டதே அடித்தளச் சிதைவுகள்தான். கட்சுரென் மண்டபத்துக்கோ அடிக்கற்களும் ஓட்டுத் துண்டுகளும் அன்றி வேறு ஆதாரம் இல்லை. அவற்றின் மேல் கற்பனையால் ஒரு கூரையை ஏற்றினால், அதைப் பார்ப்பவர் அதையே உண்மை என்று நம்பிவிடுவார். இக்கோட்டையைப் பொறுத்தவரை அத்தகைய தவறு ஏற்கெனவே ஒருமுறை நூல்களிலும் மேடையிலும் நடந்திருக்கிறது.

இன்றைய உள்ளூர் மக்கள் அமவாரியை எப்படிப் பார்க்கின்றனர்?

தங்கள் ஊர்த் தலைவராக. 2000ஆம் ஆண்டில் கட்சுரென் பகுதியின் பள்ளி மாணவர்கள் ‘கிமுத்தாக்கா அமவாரி’ என்ற புதிய குமியோதோரியைக் கோட்டையிலேயே அரங்கேற்றினர். 1719இல் அமவாரியைக் கொடியவனாக்கிய அதே கலைவடிவத்தின் வழிவந்த மேடையில், இம்முறை அவர் மக்களின் தலைவராக வந்தார். நடுநிலை, உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தலைமுறை மாறி மாறி அதைத் தொடர்ந்து நடித்துவருகின்றனர். பழைய பாடலின் ‘கிமுத்தாக்கா’ என்ற அடைமொழி இப்போது அவ்வட்டாரத்தில் புழங்கும் சொல்லாகிவிட்டது.

நேரில் செல்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

நாஹா நகரிலிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரப் பயணம். குன்றின் அடியில் 2021இல் திறக்கப்பட்ட அமவாரிப் பூங்காவின் காட்சிக்கூடத்தை முதலில் பார்த்துவிட்டு ஏறினால், தளங்களின் அமைப்பு எளிதில் விளங்கும். படிகள் செங்குத்தானவை, மழைக்குப்பின் சுண்ணாம்புக்கல் வழுக்கும். உச்சியில் நிழல் கிடையாது, தண்ணீர் எடுத்துச் செல்வது நல்லது. வானம் தெளிவாக இருந்தால் விரிகுடாவுக்கு அப்பால் நகாகுசுக்குக் கோட்டை நிற்கும் மேட்டைத் தேடிப் பாருங்கள். இரு தலைவர்களும் ஒருவரையொருவர் எவ்வளவு அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தனர் என்பது அப்போதுதான் உறைக்கும்.

இவர்களுடைய கல்லறைகள் எங்கே உள்ளன?

கோசமாருவின் கல்லறை நகாகுசுக்குக் கோட்டைக்கு அருகிலுள்ள குன்றில், ஆமையோடு போன்ற கூரையோடு, அவருடைய வழித்தோன்றல்கள் 17ஆம் நூற்றாண்டில் அமைத்தபடி நல்ல நிலையில் உள்ளது. ஊனி உஃபுகுசுக்கு, ஷோ தைக்கியூவின் வமிசமாகிய முதல் ஷோ வமிசம் கவிழ்ந்தபோது அதன் பற்றாளர் என்பதால் தாக்கப்பட்டுச் சிபானாவில் இறந்தார்; அவருடைய கல்லறை அங்கேயே இருக்கிறது. அமவாரியின் கல்லறை என்று காட்டப்படும் சிறிய இடம் தீவின் மேற்குக் கரையில் யோமித்தானில் உள்ளது. அங்கிருந்து கட்சுரென் தெரியாது.